மூட்டையில் வந்தால் மண், மோதிரத்தில் வந்தால் நீலம்

சேலத்திலிருந்து புதுச்சேரிக்குப் போவதை யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். விழுப்புரம் தாண்டியதும் பேருந்து கொஞ்ச நேரம் தமிழ்நாட்டில் ஓடுகிறது, கொஞ்ச நேரம் புதுச்சேரியில் ஓடுகிறது, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்துவிடுகிறது. எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்பதை மதுக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று ஒரு பலகை வந்தது. கொம்யூனாம்! பிரெஞ்சுக்காரன் போனான், பெயரை விட்டுவிட்டுப் போனான்.

நான் சும்மா ஊர் சுற்றக் கிளம்பவில்லை. கலா போனில் அழுதாள், அதனால் கிளம்பினேன்.

கலா ஒதியம்பட்டுக்காரி. அவள் கணவருக்குச் சேலத்தில் வேலை இருந்த காலத்தில், நாங்கள் உலைச் செங்கல் செய்யும் தொழிற்சாலையின் லேபில் ஒன்றாக இருந்தோம். நான் கல்லைச் சோதிப்பவள், அவள் கல்லைப் பொடித்துத் தருபவள். பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் பவித்ரா. அவளைக் குருவிநத்தத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுப் பையனுக்குப் பேசி முடித்து, நிச்சயதார்த்தமும் ஆகி, ஆவணியில் கல்யாணம் என்று இருந்தது.

"அக்கா, நிச்சயத்துல மாப்ள வூட்ல பொண்ணுக்கு நீலக்கல்லு மோதிரம் போட்டாங்க. அவளுக்கு சனி பார்வ இருக்குதுன்னு ஜோசியரு சொன்னாராம். அந்தக் கல்லு வெடிச்சிப் போச்சி. நீலம் ஆவாதவங்க கையிலதான் வெடிக்குமாம். பொண்ணு ராசி கெட்டவன்னு சொல்லி கல்யாணத்த நிறுத்தி வெச்சிட்டாங்க. நீங்க கல்லு படிச்சவங்க ஆச்சே, ஒரு நட வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீலம் என்பது வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள கல். அது ஒரு பெண்ணின் கையில் சும்மா வெடிப்பதற்கு அப்பளமா என்ன? போனை வைத்த கையோடு, வீட்டில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டேன். ஏன் எடுத்தேன் என்றால், அப்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விரலுக்கு ஒன்றாக மோதிரம் போட்டிருந்தார். எந்தெந்தக் கல் எந்தெந்தக் கிரகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் என்று அவர் எனக்குப் பாடம் எடுத்தார். நான் பதிலுக்கு அவருக்குப் பாடம் எடுத்தேன். எங்கள் வாக்குவாதத்தில் நான் இறங்க வேண்டிய வில்லியனூர் வந்து போய்விட்டது.

"வில்லினூரு வில்லினூருன்னு தொண்ட கிழிய கத்தினனே, நீங்க ஜோசியம் பேசிக்கினு வர்றீங்க. எறங்குங்கம்மா!" என்று நடத்துநர் என்னை ஒரு மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டார். ஜோசியம் பேசினேனாம்! ஜோசியத்தை எதிர்த்துப் பேசியவளை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஷேர் ஆட்டோவில், இரண்டு வாழைத்தார்களுக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கும் நடுவில் நசுங்கி, வந்த வழியே திரும்பினேன்.

ஒதியம்பட்டு பாதி கிராமம், பாதி நகரம். ஒரு பக்கம் நடவு நட்ட வயல், எதிர்ப் பக்கம் மனை விற்கும் கொடிகள். காலையில் பாதி ஊர் டவுனுக்கு வேலைக்குப் போய்விடுகிறது. பவித்ராவும் ஒரு மருந்து கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

கலா வாழைக்காய் வறுவலும் முருங்கைக்கீரைக் கூட்டும் செய்து வைத்திருந்தாள். சேலத்தில் நாங்கள் இதற்குப் பாதி காரம்தான் போடுவோம். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு, "எடு அந்தக் கல்லை" என்றேன்.

குங்குமச் சிமிழில் பஞ்சு வைத்து அதன்மேல் வைத்திருந்தாள். கல்லின் ஒரு பாதி மோதிரத்திலேயே இருந்தது, மறு பாதி தனியே கிடந்தது. நல்ல நீலம்தான், மயில் கழுத்து நிறம். ஆனால் உடைந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நிஜ நீலம் உடைந்தால் கண்ணாடிச் சில்லு போல வளைந்து வளைந்து உடையும். இது பலகை மாதிரி மட்டமாகப் பிளந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீளவாக்கில் நார் நாராகக் கோடுகள்.

என் பையிலிருந்த கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். "இது என்னன்னு தெரியுதா கலா?"

"கயனைட்டுதானே. நாம அரைச்சதுதானே."

"அப்போ அது?"

கலா அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி! மூட்டை மூட்டையா நீயே பொடிச்சிருக்கியேடி! உனக்கா தெரியலை?"

"அது மூட்டையில வந்திச்சிக்கா," என்றாள் கலா. "இது தங்கத்துல வந்திச்சி."

என்னால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. உலகத்தில் பாதி ஏமாற்று வேலை இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

கயனைட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது அடிப்படையில் களிமண். கடலடியில் படிந்த சேறு, மலைகள் உருவாகும்போது பூமிக்குள் ஆழத்துக்குப் போய், மேலே இருக்கும் பாறைகளின் கனத்தில் நசுங்கி, சூட்டில் வெந்து, உருகாமலே வேறு கல்லாக மாறுகிறது. அதிலிருக்கும் அலுமினியமும் மணலும் கைகோத்துக்கொண்டு நீல நீலப் பட்டைகளாக வளர்கின்றன. இத்துணூண்டு இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நிறம் வரும். நிஜ நீலத்துக்கும் நிறம் கொடுப்பது அதே இரண்டுதான். சாயம் ஒன்று, துணி வேறு.

எங்கள் தொழிற்சாலைக்கு அது ஜார்க்கண்டிலிருந்து லாரியில் வரும். களிமண்ணைச் சுட்டால் சுருங்கும், சுருங்கினால் செங்கல் விரிசல் விடும். கயனைட்டோ கடும் சூட்டில் வீங்கும். இரண்டையும் அளவாகக் கலந்தால் சுருக்கமும் வீக்கமும் சரிக்குச் சரியாகி, இரும்பு உருக்கும் உலைக்குள்ளும் செங்கல் அசையாமல் நிற்கும். வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பீங்கானிலும் அது சேரும். கக்கூஸ் கோப்பையிலும் சேரும். சனி பகவான் அங்கெல்லாம் போய் உட்காருகிறாரா என்று ஜோசியரிடம் கேட்க வேண்டும்.

மாலையில் கலாவை இழுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் கல் வாங்கிய கடை அங்கேதான் இருந்தது. கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். ஊதுபத்தி வாசனையில் மூச்சு முட்டியது. உடைந்த கல்லை மேசைமேல் வைத்து, "இதை நீலம்னு வித்தீங்களா?" என்று கேட்டேன்.

"நேபாள நீலம்மா, அது."

"இது கயனைட்டுங்க. நீலம் இல்லை."

அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. கல்லை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். "நல்லா பாருங்க. இது இன்னா கலரு?"

"நீலம்."

"அதத்தான்மா நானும் சொன்னேன்!"

நான் அசந்து நின்றுவிட்டேன். தமிழில் நிறத்துக்கும் நீலம், ரத்தினத்துக்கும் நீலம். அந்த ஆள் அந்த இடுக்கில் கடையே போட்டு உட்கார்ந்திருக்கிறார். பச்சை என்று சொல்லி மரகத விலைக்கு விற்க முடியாது, சிவப்பு என்று சொல்லி மாணிக்க விலைக்கு விற்க முடியாது. நீலத்தில் மட்டும் இப்படி ஒரு வசதி.

"ஒரு பொண்ணோட கல்யாணம் நின்னு போச்சுங்க உங்க கலரால," என்றேன். குரல் நடுங்கியது. கோபம் வந்தால் எனக்குக் குரல் நடுங்கும், அதனால் எதிராளி நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வான். அதற்கும் சேர்த்துக் கோபம் வரும்.

"கல்யாணம் நிக்கிறது அவங்க அவங்க நேரம்மா. டீ சாப்புடுறீங்களா?"

டீயா! "உங்க டீயும் வேண்டாம், டீ மாதிரி இருக்கிற எதுவும் வேண்டாம். அந்தக் கடைப் பலகையை இறக்குங்க" என்று தெரு கேட்கக் கத்திவிட்டு வந்தேன். எதிர்க்கடைப் பூக்காரம்மா, "நல்லா கேட்டீங்க" என்றாள். அவளும் ஒரு நீலக்கல் மோதிரம் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை, நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கினாள். சங்கரா மீன் கண் சிவக்கச் சிவக்கப் புதிதாக இருந்தது. எங்கள் ஊரில் மேட்டூர் அணை மீனைத் தவிர மற்றதெல்லாம் ஐஸுக்குள் பல நாள் குடித்தனம் நடத்திவிட்டுத்தான் வரும். நான் வாய் ஊறப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனை எடை போட்டபடி அந்த அம்மா கலாவிடம் மெல்லக் கேட்டாள்.

"இந்த வூட்லதான் கல்லு வெடிச்சிதாமே? பொண்ணுக்கு வேற எடம் பாக்குறீங்களா?"

உள்ளே கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பவித்ரா சீப்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நல்லவாடு எங்கே, ஒதியம்பட்டு எங்கே, குருவிநத்தம் எங்கே! கடற்கரை வரைக்கும் போய்விட்டது சேதி. இந்தக் கல்யாணம் நின்றால் இனி எந்த ஊரிலிருந்து வந்து இந்தப் பெண்ணைக் கேட்பார்கள்? மீன் குழம்பு அருமையாக இருந்திருக்கும். எனக்கு இறங்கவில்லை.

அன்றே கலாவை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினேன். பாகூர் போகும் தனியார் பேருந்தில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஓட்டுநர் மாட்டுக்கும் வழி விடவில்லை, மனுஷனுக்கும் விடவில்லை. பாகூர் ஏரிக்கரையில் ஒரு டயர் இறங்கி, எல்லோரும் கீழே நின்றோம். ஏரியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சேலத்தில் இருந்த ஏரிகளை நாங்கள் பேருந்து நிலையமாக்கிக்கொண்டோம்.

டயர் மாற்றும் வரை கரையில் நின்றபோது கலா இன்னொன்றும் சொன்னாள். கல் உடைந்த மறுநாள், மாப்பிள்ளையின் தாய்மாமா ஏழுமலை வண்டியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாராம். "பொண்ணு இன்னும் வாசப்படியே மெறிக்கல, அதுக்குள்ள ஒரு கை போச்சி" என்று மாப்பிள்ளையின் அம்மா, கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேச மாரியம்மன் கோயிலில் கூடிய கூட்டத்தில் அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொல்லிவிட்டாராம்.

"அவர் எங்கே போயிட்டு வரும்போது விழுந்தாராம்?"

"கடைக்குப் போயிட்டு வரும்போதுக்கா."

"என்ன கடை?"

கலா ஏரியைப் பார்த்தாள். புதுச்சேரியில் அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

குருவிநத்தம் தென்பெண்ணைக் கரை ஊர். கரும்பு ஆளுயரம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தனலட்சுமி எங்களை வாங்க என்று சொல்லி மோர் கொடுத்தார். முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. கட்டுப்போட்ட கையுடன் ஏழுமலை நாற்காலியில் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளை மணிகண்டன் தூணோரம் நின்றான். பார்க்க நல்ல பிள்ளைதான். நாங்கள் இருந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

"சாக்கு தைக்கிற கோணி ஊசி இருக்குங்களா?" என்று கேட்டேன்.

கொண்டுவந்தார்கள். உடைந்த பாதியை, பிளந்த முகம் மேலே இருக்கும்படி தனலட்சுமியம்மாளின் உள்ளங்கையில் வைத்தேன். "நிஜ நீலம்னா எந்தப் பக்கம் கீறினாலும் ஊசிதான் மழுங்கும், கல்லுல கோடு விழாது. நீங்களே கீறிப் பாருங்க. முதல்ல நெடுக்கே."

அவர் தயங்கினார். சனியின் கல்லை ஊசியால் கீறுவதென்றால் சும்மாவா? முந்தானையால் ஊசியைத் துடைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கீறினார். வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது.

"இப்போ அதே அழுத்தம் கொடுத்துக் குறுக்கே."

கீறினார். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி கீறினார். கோடு விழவே இல்லை.

"இன்னாடா இது," என்று ஏழுமலை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரே கல்லு, இப்பிடிக்கா கீறினா வுழுது, அப்பிடிக்கா கீறினா வுழல!"

"உலகத்துலயே இந்தக் குணம் இவ்வளவு தெளிவா இருக்கிற கல்லு இதுதாங்க. உங்க ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க இதுக்கு 'திஸ்தேன்'னு பேரு வெச்சாங்க. ரெண்டு பலம்னு அர்த்தம். நெடுக்கே ஒரு பலம், குறுக்கே ஒரு பலம். பிளக்கிறதும் அப்படித்தான்." என் பையிலிருந்த கல்லை எடுத்துத் தரையில் வைத்து, வாக்குப் பார்த்து ஒரு சுத்தியால் மெல்லத் தட்டினேன். விறகு சிராய் பிரிவது போலப் பட்டை பட்டையாகப் பிரிந்தது. அதே நீலம், அதே மட்டமான முகம். "பொண்ணு கம்பெனி பஸ்ஸில இருந்து இறங்கும்போது கம்பியில கை இடிச்சிருக்கா, அவளே சொன்னா. இடிச்சா இது பிளக்கும். என் கையில இருந்தாலும் பிளக்கும், உங்க கையில இருந்தாலும் பிளக்கும், அந்த ஜோசியர் கையில இருந்தாலும் பிளக்கும்."

கடைக்காரர் 'நீலம்' என்ற வார்த்தையை வைத்து நடத்திய நாடகத்தையும் சொன்னேன். தனலட்சுமியம்மாளுக்கு முகம் சிவந்தது. பிள்ளைக்குக் கட்டப்போகும் பெண்ணுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அவர் கடை தேடிப் போய் வாங்கியிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அப்போ கல்லு மேலதான் கோளாறு," என்றார் கடைசியில். "தோஷம் இன்னா கீது இதுல? ஆவணியிலயே வெச்சிக்கலாம். நாளைக்கி கோயில்ல கூழு ஊத்துறோம், பொண்ணயும் இட்டுக்கினு வாங்க."

கலா அழுதுவிட்டாள். நான் போருக்குப் போய் வென்றுவந்த ராணி மாதிரி பேருந்தில் ஏறினேன். திரும்பும்போது பாட்டுச் சத்தம்கூட அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. பாகூரில் இறங்கி ஆளுக்கொரு முட்டை பப்ஸ் சாப்பிட்டோம். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்கு அது உறை போடக் காணாது. இருந்தும் இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் பவித்ரா கம்பெனியிலிருந்து வந்தாள். கலா நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். ஊசி, கோடு, ஏழுமலை எழுந்து நின்றது, ஒன்றும் விடவில்லை. பவித்ரா சாப்பாட்டு டப்பாவைக் கழுவியபடி கேட்டாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பெரிம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க," என்றாள். "அது நெஜமான நீலமாவே இருந்து, எங்கையில ஒடஞ்சிருந்தா?"

"நிஜ நீலம் அப்படி உடையாதும்மா."

"ஒடஞ்சிதுன்னு வெச்சிக்குங்க. அப்போ நானு ராசி கெட்டவதானா?"

நான் லென்ஸை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"கல்லு மேல கோளாறுன்னு சொல்லிட்டாங்க. எம்மேல ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னாங்க? கம்பெனி பஸ்ல எம்பக்கத்து சீட்டு ரெண்டு வாரமா காலியா வருது. நாளைக்கி எவ வூட்லனா பாலு திரிஞ்சா, யார சொல்லுவாங்க?"

அவள் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. கல்லின் மானத்தைக் காப்பாற்ற ஊர் விட்டு ஊர் வந்து, ஊசி கேட்டு வாங்கி, பிரெஞ்செல்லாம் பேசி முழங்கியிருக்கிறேன். பெண்ணுக்காக ஒரு வாக்கியம் சொல்லவில்லை. போதாததற்கு, 'நிஜ நீலமாக இருந்தால் வேறு கதை' என்று அவர்கள் நினைப்பதற்கு நானே இடம் கொடுத்துவிட்டு, முட்டை பப்ஸ் வேறு தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் குருவிநத்தம் மாரியம்மன் கோயிலில் சரியான கூட்டம். வேப்பிலைத் தோரணம், ரேடியோ செட்டில் காது கிழியும் அம்மன் பாட்டு. பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். பக்கத்திலேயே முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் பக்கம் ஆடியில் தேங்காய் சுட்டுத் தின்போம். கோயில் கூழுக்குக் கருவாடு என்பது எனக்குப் புதிது. நல்ல சேர்மானம்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பவித்ரா ஒரு பித்தளைச் சொம்போடு வரிசையில் நின்றாள். நானும் கலாவும் பின்னால் நின்றோம். முன்னால் நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதானா கல்லு வெடிச்ச பொண்ணு?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவள் தன் கைக்குழந்தையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். பவித்ரா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் இரு என்று பொருள்.

அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவர் தனலட்சுமியம்மாள். பவித்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா, சொம்ப நீட்டு" என்றார்.

பவித்ரா நீட்டவில்லை.

"அத்தை, இங்க வெச்சிதானே என்ன ராசி கெட்டவன்னு சொன்னீங்க? இங்கயே மாத்திச் சொல்லிடுங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. வரிசையில் பேச்சு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. கலா பின்னாலிருந்து, "ஏய் பவி, வாணாம்டி" என்று மகளின் புடவையை இழுத்தாள்.

"அதான் கல்லு பொய்யின்னு ஆயிடிச்சேம்மா," என்றார் தனலட்சுமியம்மாள் தாழ்ந்த குரலில்.

"கல்லப் பத்தி நான் கேக்கல அத்தை. அது நெசமா இருந்து ஒடஞ்சிருந்தாலும் எம்மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. மாமா கை ஒடஞ்சது என்னாலயில்லன்னும் சொல்லுங்க."

தனலட்சுமியம்மாள் சுற்றிலும் பார்த்தார். ஏழுமலை கட்டுக் கையோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்க்க, அவர் மரத்தின் மறுபக்கம் போய்விட்டார். தனலட்சுமியம்மாள் உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலியாம் அத்தை," என்றாள் பவித்ரா.

அப்போதுதான் மணிகண்டனைப் பார்த்தேன். விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ரேடியோ செட்டுக்காரரிடம் நடந்தான். அவர் காதில் ஏதோ சொன்னான். பாட்டு நின்றது. கோயிலே சட்டென்று அடங்கியது. அண்டாவின் அடியில் விறகு வெடிப்பதுகூடக் கேட்டது. அவன் அங்கேயே, அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றுவிட்டான். யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாது என்பது போல நின்றான்.

தனலட்சுமியம்மாள் மகனைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். பிறகு கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. எந்தக் கல்லு ஒடஞ்சாலும் அது இவளால இல்ல. எந்தம்பி குடிச்சிட்டு வுழுந்தான். நாந்தான் வாய் தவறிப் பேசிட்டேன். போதுமா?"

முன்னால் நின்ற பெண்ணின் கைக்குழந்தை சத்தத்துக்குப் பயந்து அழுதது. எனக்குக் குரல் நடுங்கியிருக்கும், நல்லவேளை நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

"போதும் அத்தை."

தனலட்சுமியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கரண்டியை எடுத்தார். "நல்லா இருக்குதுடி உன் நாயம். சரி, ஆவணியில தேதி வெச்சிக்கலாமா, சொல்லு."

பவித்ரா சொம்பை நீட்டினாள்.

"மொதல்ல கூழு ஊத்துங்க அத்தை. குடிச்சிட்டுச் சொல்றேன்."